எதிர்ச் சந்து

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில்
நர்ஸம்மா எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:
வியாழன், ஏழு மணி, திருச்செங்கோடு,
ஒரு போன் நம்பர்.

மூணு தரம் அடித்து, மணி போனதும் வைத்துவிட்டேன்.
நாலாவது தரம் நான் அடிக்கவில்லை,
அந்தப் பக்கமிருந்து வந்தது.
"பேரெல்லாம் வேண்டாங்க. வந்தாப் போதும்.
வேலூர் ரோட்டுல டாஸ்மாக் தெரியுமுங்களா?
அதுக்கு நேர் எதிர்ச் சந்து."

தெரியுமாவாம்.
பதினோரு வருசம்
போர் வண்டி ஊர் திரும்பும் போதெல்லாம்
சத்தீஸ்கர் புழுதியைத் தலையில் வைத்துக்கொண்டே
முதலில் இறங்கிய இடம் அது.
வீடு ரெண்டாவது.

வேறு வழி இருக்குமோ என்று
பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரைக் கேட்டேன்.
எதற்கு என்று சொல்லக் கூச்சம்.
"சீட்டு ஏலமுங்க, மாடியில."
"மேக்கால போங்க, கடை வரும் பாருங்க" என்றார்.
கரும்பு ஜூஸ்காரரும் கடையைத்தான் சொன்னார்.
நெற்றி நிறையத் திருநீறு வைத்த ஒரு பெரியவர்
அந்த வாடையே ஆகாதவர் போலிருந்தார்,
அவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு அதையே சொன்னார்.
இந்த ஊரில் எங்கே போவதென்றாலும்
அதைக் கேட்டுத்தான் போகவேண்டும் போல.

சட்டைப் பையில் இருநூற்றிருபது ரூபாய்.
பஸ்ஸுக்கு நாற்பது போதும்.
மீதியை "இருக்கட்டும்" என்றாள் சரசுமணி.
எதற்கு இருக்கட்டும் என்று
நான் கேட்கவில்லை.

கடை வந்தது.
வெள்ளரிக்காய் நறுக்குகிற பையன் நிமிர்ந்தான்.
"அண்ணா, ஆளையே காணோமுங்?"
பழகின மாடு தொட்டிப் பக்கம் திரும்புகிற மாதிரி
கால் ரெண்டும் தானாகத் திரும்பின.

அந்நேரம் ஒரு போர் வண்டி
ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.
வரட்டும் வரட்டும் என்று விசில்.
படுத்துக் கிடந்த கம்பம் ரோட்டை அளந்து அளந்து வந்து
கடையை, பையனை, வெள்ளரிக்காயை மறைத்தது.
சாமி செயல் என்று சொல்ல மாட்டேன்.
அங்கே வண்டி திருப்ப வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான்.
அதன் மறைவில் சந்துக்குள் போய்விட்டேன்.

மாடிப்படி. என்றோ மூடிய டைப்ரைட்டிங் கிளாஸின் போர்டு.
வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு.
அதில் ஒன்றைப் பார்த்ததும் இறங்கி ஓடலாமென்றிருந்தது.
கட்டைவிரல் வாரைச் சிவப்பு நூலில் தைத்த தோல் செருப்பு.
போன மாசியில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டபோது
தலையைக் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
"இந்தக் குடிகார நாயை இனி ஏத்தாதீங்கடா"
என்றது அதற்கு மேலேயிருந்த வாய்.

அவரேதான்.
ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளர்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.
கை நடுங்கியது. ரெண்டு டம்ளருக்கு நடுவிலும் டீ.
என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.
"வாங்க" என்றார்.
பதினோரு வருசத்தில் அந்த "ங்க"
என் பக்கம் வந்ததே இல்லை.
அவர் பேரை எழுத மாட்டேன்.
அங்கே கேட்டது அங்கேயே.

என் முறை வந்தது.
போர் போடுகையில் முதலில் செம்மண் வரும்,
அப்புறம் வெள்ளைத் தூசி,
மணிக்கணக்கில் தூசி,
காட்டுக்காரர் மூஞ்சி சுண்டிப்போகும்.
என் வாயும் அப்படித்தான்.
மச்சான் சரியில்லை, சம்பளம் சரியில்லை,
மேல்வலி, தூக்கம் வராது,
தூசி, தூசி.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
எத்தனையாவது அடியிலோ
ஒரே ஒரு சொல் ஈரமாக வந்தது.
என் மகள் பேர்.
அதற்கு மேல் போகவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

எட்டரைக்கு இறங்கினோம்.
கடையில் இப்போதுதான் கூட்டம் சேர்ந்திருந்தது.
பஸ்ஸுக்கு வேறு வழி இல்லை,
அதுதான் ஊரெல்லாம் கேட்டாயிற்றே.
"ஒட்டுக்காப் போலாங்க" என்றார்.
நடந்தோம்.
ஒன்றும் பேசவில்லை.
கடைப்பக்கம் அவர் நடந்தார்.